தமயந்தியின் மூன்றாவது திரை

தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு மேலே ஒருநாள் இரண்டு விமானங்கள், யார் முதலில் இறங்குவது என்று முறைத்துக்கொண்டு சுற்றினவாம். பிரேசர் டவுனில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்திருந்த தமயந்தி போனை வாயருகே வைத்து, “ஒன்னுக்குப் பின்னால ஒன்னா வாங்கய்யா, இன்னா அவசரம்!” என்று ஓர் அதட்டுப் போட்டாளாம். இரண்டும் வாலைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் இறங்கினவாம். செண்பகா கேப்ஸ் டிரைவர்கள் இதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பே இருக்காது. அவள் குரலை ஒருமுறை கேட்டவர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று தெரியும்.

வரிசை என்பது தமயந்திக்குச் சின்ன வயதிலேயே வந்த வித்தை. அவள் வளர்ந்த சந்தில் குழாய் ஒன்று, குடங்கள் ஊர்ப்பட்டவை. தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். அந்தக் கொஞ்ச நேரச் சண்டையில் உடைந்த பிளாஸ்டிக் குடங்களை அடுக்கியிருந்தால் விதான சௌதாவுக்குப் பக்கத்தில் இன்னொரு விதான சௌதா எழும்பியிருக்கும். பாவாடை கட்டிய வயதில் தமயந்தி குழாயருகே நின்று, “உன் கொடம் பச்சக் கொடத்துக்குப் பின்னால, போ” என்பாள். வாயாடிப் பெண்களெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார்கள். ஏனென்றால், ஒருநாள் சொந்த அம்மாவின் குடம் முந்தியபோதும் அதே குரலில்தான் அதைப் பின்னால் தள்ளினாள். அன்று வீட்டில் அவளுக்குச் சோறு விழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சந்தில் அவள் சொன்ன வரிசைக்கு மறுவரிசை இருந்ததில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் ரகுராம் தன் கம்பெனியில் டிரிப் பிரித்துக் கொடுக்கும் நாற்காலியில் உட்கார வைத்தார். ரகுராம் செண்பகா கேப்ஸ் முதலாளி. முப்பது சொச்சம் வண்டிகள். ஐ.டி. கம்பெனி ஆட்களை வீட்டிலிருந்து ஆபீசுக்கும் ஆபீசிலிருந்து வீட்டுக்கும் சுமப்பது அன்றாடப் பிழைப்பு. நடுவே விழும் ஏர்போர்ட் டிரிப்தான் டிரைவர்களுக்கு விருந்து. தூரம் அதிகம், டோல் கஸ்டமர் தலையில், இறங்கும்போது நல்ல மனசுக்காரராக இருந்தால் கையிலும் ஏதாவது வைப்பார். அந்த டிரிப் யாருக்கு என்பதில்தான் எல்லாக் கலகமும்.

முன்பு டிரைவர்கள் அவள் மேஜையைச் சுற்றி ஈ மொய்ப்பது போல் மொய்ப்பார்கள். “அடுத்தது நான்தானே அக்கா?” “என் பேரு எங்கக்கா?” என்று ஆளாளுக்கு எட்டிப் பார்ப்பதில் அவளுடைய டீ டம்ளர் தினமும் ஒருமுறை கவிழும். இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டத்தான் மூன்றாவது திரை வந்தது.

முதல் திரை இடது பக்கம்; எந்த வண்டி எந்த ரோட்டில் நிற்கிறது என்று காட்டும் மேப். இரண்டாவது நடுவில், அவள் வரிசையைத் தட்டெழுதும் இடம். மூன்றாவது, டிரைவர்கள் காத்திருக்கும் பெஞ்சுகளுக்கு எதிரே சுவரில் மாட்டிய பெரிய டிவி. நடுத்திரையில் அவள் தட்டுகிற வரிசை அப்படியே சுவரில் தெரியும். வந்த நேரப்படி பேர், பேருக்கு எதிரே டிரிப். ஒளிவுமறைவே கிடையாது. டிவி வந்த அன்றோடு மேஜையைச் சுற்றி மொய்ப்பது நின்றது. டீயும் சூடாகத் தொண்டைக்குள் இறங்கியது. கொடுத்து வைத்தவள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

மூன்று திரைகளையும் கட்டி மேய்க்கிற வேலையைச் செய்து கொடுத்தது கவியரசன். அதே கட்டடத்தின் மாடியில் குடியிருப்பவன். திண்டிவனத்திலிருந்து வந்து சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஆபீசுக்குப் போக வண்டி கேட்டு வந்தவன், திரைகளைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

“அக்கா, ஒரு புரோகிராம் எழுதி வச்சிருக்கேன். எந்தெந்த ஸ்கிரீன் உசுரோட இருக்குன்னு கம்ப்யூட்டரே பாத்துக்கும். மூணு இருந்தா மூணா விரிக்கும். ரெண்டுதான் இருந்தா ரெண்டா மடக்கும். நீங்க கையே வைக்க வேணாம்.”

“நான் கைய வைக்காம இந்த ஆபீஸ்ல எதுப்பா நடந்திருக்கு?”

“இது நடக்கும், பாருங்க.”

நடந்தது. ஆயுத பூஜை வரைக்கும் நடந்தது.

ஆயுத பூஜைக்கு முன்னால் அதற்கு முந்தின வருஷத்து ஆயுத பூஜையைச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய், சுவரிலிருந்த அம்மன் படத்துக்கு மேல் எரியும் சிவப்பு பல்பு அணைந்துவிட்டது. மறுநாள் ஹெப்பாளில் ஒரு வண்டி தடுப்புச் சுவரில் போய் உராய்ந்தது. பல்புக்கும் தடுப்புச் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். டிரைவர்கள் கேட்கவில்லை. அம்மன் அணைந்ததால்தான் உராய்ந்தது என்று வருஷம் முழுக்கப் பேசினார்கள். பிரேக் போடத் தெரியாதவனுக்கு அது எவ்வளவு வசதி!

அதனால் இந்த வருஷம் தமயந்தி பிடிவாதமாக இருந்தாள். பூஜைக்கு முந்தின நாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்தாள். எல்லா வயரையும் பிடுங்கினாள், துடைத்தாள், சந்தனம் குங்குமம் வைத்தாள். டிவிக்கு நெற்றி எது என்று தெரியாததால் நான்கு மூலையிலும் பொட்டு வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் மறுபடி மாட்டினாள். வெளியே வண்டிகளுக்கு வாழைக்கன்றும் மாலையும் கட்டி, டயருக்கு எலுமிச்சை வைத்து, நடுரோட்டில் பூசணிக்காய் உடைத்தார்கள். பூஜை நடுவில் கரண்ட் இரண்டு தடவை போனது. அம்மன் விளக்கு அசையவில்லை. கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. தமயந்திக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் தெருவைத் தோண்ட ஆரம்பித்தார்கள். எதற்குத் தோண்டுகிறார்கள் என்று தோண்டுகிறவர்களுக்கே தெரியாத வகைத் தோண்டல். கரண்டுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. போகும், வரும், போகும்.

முதல் தடவை போய் வந்தபோது சுவர் டிவி வெறும் நீலமாக நின்றது. பேரும் இல்லை, டிரிப்பும் இல்லை. டிரைவர்கள் மறுபடி மேஜையை மொய்த்தார்கள். டீ கவிழ்ந்தது.

கவியரசன் மாடியிலிருந்து லுங்கியோடு இறங்கி வந்து பார்த்தான். “டிவி கொஞ்ச நேரம் காணாமப் போகுதுக்கா. கம்ப்யூட்டர் ரெண்டு ஸ்கிரீன்தான்னு நெனச்சி வரிசைய நடுவுல கொண்டாந்து போட்டுடுது. டிவி திரும்பி வந்ததும் எத அங்க அனுப்பறதுன்னு அதுக்குத் தெரியல. டிவி யூபிஎஸ்லதானே இருக்கு?”

“நீ மாட்டினதுதானேப்பா!”

“ஆமால்ல. அப்ப டிவியிலதான் ஏதோ கோளாறு. பரவால்ல, டிவி வந்ததும் நடு ஸ்கிரீன்ல எந்த ஜன்னல் முன்னால இருக்கோ அத அனுப்பச் சொல்லிட்றேன்.”

சொல்லிவிட்டுப் போனான். கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. அடுத்த நாள் கரண்ட் போய் வந்தபோது நடுத்திரையில் முன்னால் இருந்தது வாட்ஸப். அம்பத்தூரில் இருக்கும் தங்கைக்கு அவள் அனுப்பியிருந்த வாசகம் சுவர் முழுக்க விரிந்தது. “முதலாளி தலைக்கு மை அடிச்சிருக்காரு. காக்கா பாத்தா சொந்தம்னு கூட்டிட்டுப் போயிடும்.” முதலாளி அப்போது அந்த டிவிக்குக் கீழேதான் நின்று யாருக்கோ போனில் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஷூ கயிறு கட்டக் குனிந்தார்கள். அதில் பாதிப் பேர் செருப்பு போட்டவர்கள்.

ரகுராம் திரும்பிப் பார்த்தார். படித்தார். தலையைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“டேய் கவியரசா!” என்று அவள் போட்ட கூப்பாட்டில் மாடியில் காய்ந்த அவன் சட்டை தானாக இறங்கி வந்தது என்பார்கள்.

“சாரிக்கா, சாரிக்கா. இனிமே வரிசை ஜன்னல் மட்டும்தான் டிவிக்குப் போகும். வேற எதுவும் போகாது. சத்தியம்.”

“இப்பவே கரண்ட் போவட்டும், என் கண்ணு முன்னால காட்டு.”

இருவரும் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். கரண்ட் போகவில்லை. ஆள் நின்று காத்திருந்தால் போகாது, அது அதன் குணம். கவியரசன் மீட்டிங் இருக்கிறது என்று படியேறிய மறுநொடி கரண்ட் போய்த் திரும்பி வந்தது. நல்ல வேளை, வரிசைதான் சுவரில் தெரிந்தது. தமயந்தி பெருமூச்சு விட்டாள்.

ஆனால் அவளிடம் இரண்டு வரிசைகள் திறந்திருக்கும். இன்றைய வரிசை ஒன்று. யார் நேற்று கடைசியாகப் போனார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நேற்றைய வரிசை ஒன்று. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வரிசைதான். நேற்று, இன்று என்ற பேதமெல்லாம் மனிதர்களுக்கு.

அந்த வினை வெடித்தது உமேஷ் விஷயத்தில். உமேஷ் கோலார் பக்கத்துக்காரன். தமிழையும் கன்னடத்தையும் ஒரே மூச்சில் விடுவான். வண்டியைத் துடைத்துத் துடைத்தே பெயின்ட்டைத் தேய்த்தவன். அன்று காலை சுவரில் தன் பேர் முதலில், எதிரே ஏர்போர்ட் என்று பார்த்திருக்கிறான். போய் வண்டியைக் கழுவி, புதுச் சட்டை மாட்டி, சென்ட் அடித்துக்கொண்டு வந்து நின்றான். அதற்குள் ஏர்போர்ட் டிரிப்பில் இன்னொரு டிரைவர் மதலைமுத்து கிளம்பிப் போய்விட்டார்.

“அக்கா, டிவில என் பேருதானே ஃபர்ஸ்ட் இருக்கு? மதலைமுத்து எப்டி ஏர்போர்ட் போனாரு?”

“உன் பேரு நாலாவதுபா. இன்னிக்கி நீ வந்ததே லேட்டு.”

“கண்ணு இருக்கில்ல, திரும்பிப் பாருங்க!”

திரும்பிப் பார்த்தாள். உமேஷ், ஏர்போர்ட் என்று கொட்டை எழுத்தில் நின்றது.

“அய்யோ, அது நேத்து வரிசைபா. கரண்ட் போச்சில்ல, கம்ப்யூட்டர் தானா மாத்திப் போட்ருச்சு.”

“ஓ. தானா மாத்திருச்சு. மதலைமுத்து முந்தணும்னா மட்டும் கரெக்டா தானா மாத்தும். வருஷா வருஷம் கிறிஸ்மஸ் கேக் யார் வூட்லேந்து வருதுன்னு எங்களுக்குத் தெரியாதா?”

“கேக்கா? அதுல பாதி நீ தின்னதுடா!”

“ஆய்து மேடம், ஆய்து” என்று கன்னடத்தில் சரி சொல்லிக் கும்பிடு போட்டுவிட்டு உமேஷ் வெளியே போனான்.

எத்தனையோ பேர் அவளை எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். எதுவும் ஒட்டாது. அக்கா என்றவன் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனதுதான் முள்ளாகத் தைத்தது. போதாக்குறைக்கு, அதே வாரத்தில் மேலும் ஒருமுறை சுவர் ஒன்று சொல்ல, அவள் வாய் ஒன்று சொல்ல, அன்றும் டிரிப் கிடைத்தது மதலைமுத்துவுக்கு. அந்த மனிதர் விவேக் நகரிலிருந்து எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்கிறவர். அதனால்தான் கிடைத்தது. அதைக் கேட்க யார் இருந்தார்கள்?

மதலைமுத்து மெல்ல மேஜையருகே வந்தார். “இந்த வருஷம் கேக்கு அனுப்ப வேணாம்னு ஊட்டுல சொல்லிட்டேம்மா.”

“நல்லா இருக்கே! இத்தினி வருஷம் வாங்கினது லஞ்சம்னு நீங்களே முத்திரை குத்திடுவீங்க போல. அனுப்புங்கண்ணே. ரெண்டாவே அனுப்புங்க.”

அவர் போனதும் அவள் ஒரு கரும்பலகை வாங்கி வந்து சாக்பீஸால் வரிசை எழுதி மாட்டினாள். “டிவியாவது மெஷினு, இது மேடம் கையெழுத்தே” என்றான் ஒருவன். பலகையைக் கழற்றிக் கழிப்பறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். பிறகு நாள் முழுக்கக் கழுத்தை வளைத்துச் சுவர் டிவியையே பார்த்தபடி வேலை செய்தாள். ஒட்டகச்சிவிங்கிக்குச் சுளுக்குப் பிடித்தால் எப்படி இருக்கும் என்று அந்த வாரம் அவளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கவியரசன் வயரை மாற்றினான். டிவி கடைக்காரன் வந்து டிவியைத் தட்டிப் பார்த்து, “சூப்பரா இருக்கு மேடம்” என்று சான்றிதழ் கொடுத்தான். இவனுக்கும் மேடம்!

வெள்ளிக்கிழமை ரகுராம் கூப்பிட்டார். தலையில் மை வெளுத்திருந்தது.

“தமயந்திம்மா, நான் உங்கள நம்பறேன். ஆனா வண்டி ஓட்றது நான் இல்லியே. ஞாயித்துக்கெழம டிரைவருங்க மீட்டிங் கேக்கறாங்க. அவங்களுக்கு உங்க மேல நம்பிக்கை இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா, வரிசைய ஒரு ஆப்புகிட்ட உட்டுட்றேன். அது போன்லயே டிரிப் பிரிச்சிக் குடுத்துடும். நீங்க பீன்யா ஷெட்டுக்குப் போய் டயரு, டீசலு பாத்துக்குங்க. சம்பளம் அதேதான்.”

சம்பளம் அதேதான் என்று அவர் சொன்னது அவளுக்கு இன்னும் எரிந்தது. பாவாடை கட்டின நாளிலிருந்து யாரும் குறை சொல்லாத ஒரே விஷயம் அவளுடைய வரிசை. அந்தப் பேரோடு டயர் எண்ணப் போனாலாவது பரவாயில்லை. கள்ள வரிசை போட்டவள் என்ற பேரோடு பீன்யாவுக்கு எந்த பஸ்ஸில் ஏறுவது?

சனிக்கிழமை மதியம் தெருவில் தோண்டியவர்கள் எதையோ அறுத்தார்கள். கரண்ட் முழுசாகப் போனது. அடித்தளம் இருட்டானது. மின்விசிறி நின்றது. சுவர் டிவி செத்தது. மேஜை மேலிருந்த இரண்டு திரைகளும் யூபிஎஸ் தயவில் எரிந்தன. சுவரிலிருந்த வரிசை தொபீர் என்று நடுத்திரையில் வந்து விழுந்தது.

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அம்மன் படத்தைப் பார்த்தார்கள். இருட்டில் சிவப்பு பல்பு ஜெகஜோதியாக எரிந்தது.

“பாத்தியா குரு, தெருவே இருட்டு. அம்மன் மட்டும் எரியறா!”

“சக்தி மச்சா, சக்தி!”

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தமயந்தியின் கையும் பழக்கத்தில் கன்னத்துக்குப் போனது. போகிற வழியில் நின்றது.

தெருவே இருட்டு. அம்மன் மட்டும் எப்படி எரிகிறாள்?

முந்தானையைச் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்தாள். போன் வெளிச்சத்தில் சிவப்பு பல்பின் வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது படத்திலிருந்து இறங்கி, சுவரோரம் ஊர்ந்து, வயர்க் காட்டுக்குள் நுழைந்து, யூபிஎஸ் பெட்டியின் முதுகில் போய் முடிந்தது. அந்தப் பெட்டிக்கு நான்கே துளைகள். கம்ப்யூட்டருக்கு ஒன்று, மேப்புக்கு ஒன்று, நடுத்திரைக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று. டிவியின் துளையில் அம்மன் பல்பு உட்கார்ந்திருந்தது. அந்த பிளக்கின் மேல் காய்ந்த சந்தனத்தில் ஒரு விரல் அச்சு. அது யார் விரல் என்று கண்டுபிடிக்க போலீஸ் வர வேண்டியதில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவளே செய்த காரியம். அம்மன் விளக்கு இந்தத் தடவை அணையக் கூடாது என்ற வெறியில் டிவியைப் பிடுங்கிச் சாதாரண சுவர் பிளக்கில் மாட்டிவிட்டு, அந்த இடத்தை அம்மனுக்குக் கொடுத்திருந்தாள். பூஜை முடிந்ததும் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள். பொரிகடலை பங்கு போட்டதில் மறந்துபோனாள். அன்றிலிருந்து கரண்ட் விக்கும்போதெல்லாம் டிவி மட்டும் சாகிறது. டிவி செத்ததும் கம்ப்யூட்டர் அதன் சமர்த்தைக் காட்டுகிறது.

மேஜைக்கடியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த இடத்தில் மேஜை விளிம்பு வேறு இடித்தது.

சாயங்காலம் கவியரசனுக்குத்தான் முதல் அர்ச்சனை.

“டிவி யூபிஎஸ்லதானேன்னு நான் அன்னிக்கே கேட்டேன்லக்கா?”

“கேட்டா? குனிஞ்சு பாக்க வேண்டியதுதானே! ஐ.டி.க்காரன் எவனும் குனியவே மாட்டீங்களா?”

“சரி, இப்பவே மாத்தி மாட்டிட்டா முடிஞ்சிது.”

“இன்னாடா முடிஞ்சிது? நாளைலேந்து டிவி ஒழுங்கா ஓடும். அக்கா மாட்டிக்கினா, அதான் திருந்திட்டான்னு சொல்வானுங்க. தொடாத.”

அதனால் தொடவில்லை. சந்தன விரல் அச்சு அப்படியே இருக்க, ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பெஞ்சு நிறைந்து, படியிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரகுராம் தொண்டையைக் கனைத்தார். அவர் ஆரம்பிப்பதற்குள் தமயந்தி எழுந்தாள்.

“உமேஷு, வாப்பா. அந்தக் கதவுகிட்ட மெயின் சுவிட்சு இருக்குல்ல? உனக்கு எப்பத் தோணுதோ அப்ப எறக்கு. எப்பத் தோணுதோ அப்ப ஏத்து. எனக்குச் சொல்லாத. நான் கையக் கட்டிக்கினு இங்க ஓரமா நிக்கறேன்.”

உமேஷ் சந்தேகத்தோடு போனான். கொஞ்ச நேரம் சும்மா நின்றான். திடீரென்று இறக்கினான். டிவி செத்தது. சுவரிலிருந்த வரிசை நடுத்திரையில் குதித்தது. ஏற்றினான். டிவி கண் விழித்தது. சுவரில் வரிசை வந்தது. சனிக்கிழமை வரிசை.

கூட்டம் சலசலத்தது. உமேஷ் மறுபடி இறக்கினான், ஏற்றினான். மறுபடியும் சனிக்கிழமை. அவளுடைய கைகள் கட்டியபடியே இருந்தன. அவனுக்கு ருசி பிடித்துப்போய் இன்னொரு தடவை இறக்கப் போனான்.

“போதும்பா, டிவி வாங்கித் தரது நீயில்ல” என்றார் ரகுராம்.

“அப்ப டிவி மட்டும் ஏன் அணையுது? மீதியெல்லாம் எரியுதே?” என்று உமேஷ் கேட்டான்.

“யூபிஎஸ்ல இருந்த டிவி ப்ளக்க யாரோ புடுங்கிட்டு அங்க அம்மன் வெளக்க மாட்டிட்டாங்க. அதான் கரண்ட் இல்லன்னாலும் அம்மன் எரியறா.”

சக்தி மச்சா என்று சொன்னவன் முகம் தொங்கிப்போனது. உமேஷ் விடவில்லை. “மாட்டினது யாரு?”

“நாந்தான்.”

வெளியே தோண்டுகிற இயந்திரம்கூட மூச்சை அடக்கிக்கொண்டது.

“கேக்குக்காக மாட்டல. போன வருஷம் வெளக்கு அணைஞ்சிட்டுதுன்னு ஊரக் கூட்டி ஒப்பாரி வச்சீங்களே, அதுக்காக மாட்டினேன். மறந்துட்டேன். தப்புதான். ஆனா வரிசைல ஒருத்தன் பேரக்கூட நான் மாத்தினதில்ல. என்னப் பெத்தவ கொடத்தையே தள்ளி வச்சவ நான். மதலைமுத்தண்ணன் கொண்டார கேக்குக்கா வளைஞ்சிடுவேன்?”

மதலைமுத்து கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். இருமலா சிரிப்பா தெரியவில்லை. “வரிசை இந்தம்மா கிட்டயே இருக்கட்டும்பா,” என்றார். “ஆப்பு வந்துட்டா, யார்கிட்ட போயி சண்ட போடறது?”

அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. சண்டை போட ஆளில்லாத பிழைப்பு என்ன பிழைப்பு? கைகள் உயர்ந்தன. உமேஷ் கையும் கடைசியில், காதளவுக்கு, உயர்ந்தது.

“சரி, இப்ப அந்தப் ப்ளக்கப் புடுங்கி டிவிய மாட்டிட்றேன்” என்று தமயந்தி குனிந்தாள்.

“அய்யோ அக்கா, வேணாம்!”

கத்தியது உமேஷ்தான். அவனோடு பாதிக் கூட்டமும் கத்தியது. “பூஜைலேந்து அணையாம எரியறா. இப்பப் புடுங்கி, நாளைக்கி எவன் வண்டிக்காவது ஏதாவது ஆச்சின்னா?”

“டேய், அது சக்தி இல்லடா, பேட்டரி! இப்பத்தானே நீயே ஏத்தி எறக்கிப் பாத்த!”

“அது சரிக்கா. இருந்தாலும்...”

தமயந்தி ரகுராமைப் பார்த்தாள். அவரும் அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யூபிஎஸ் வாங்கலாம் என்றாள். அடுத்த ஆயுத பூஜைக்குப் பார்க்கலாம் என்றார். எக்ஸ்டென்ஷன் வயரோடு நீளப் பெட்டி ஒன்று இழுத்து அதில் இரண்டையும் மாட்டலாம் என்றான் கவியரசன். ரகுராம் பதறிப்போனார். முன்பு ஒருமுறை அப்படி இழுத்த பெட்டியில் டிரைவர்கள் போன் சார்ஜரெல்லாம் தொங்கவிட்டு, கடைசியில் எவனோ மின்சாரக் கெட்டிலை மாட்டி டீ போட்டதில், பழைய யூபிஎஸ் புகைந்து செத்தது. அன்றிலிருந்து யூபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் நீளப் பெட்டி வரக்கூடாது என்று அவர் குலதெய்வத்தின் மேல் ஆணையிட்டிருக்கிறார். ஆக, நான்கே துளைகள். அம்மன் நகர மாட்டாள். கம்ப்யூட்டரை நகர்த்த முடியாது. நடுத்திரை இல்லாமல் வரிசை தட்ட முடியாது.

தமயந்தி மேஜைக்கு அடியில் புகுந்தாள். உள்ளேயிருந்து வந்த முணுமுணுப்பில் யார் யார் பெயர்கள் இருந்தன என்பதை எழுத முடியாது. தன் மேப் திரையின் பிளக்கைப் பிடுங்கிச் சாதாரண சுவர்ப் பிளக்கில் சொருகிவிட்டு, அந்தத் துளையை டிவிக்குக் கொடுத்தாள்.

இப்போது கரண்ட் போனால் சுவர் டிவி அணைவதில்லை. அம்மனும் அணைவதில்லை. டிரைவர்கள் அசையாமல் உட்கார்ந்து அவரவர் பேரைப் பார்த்துக்கொள்கிறார்கள். மேப் திரை மட்டும் செத்துப்போகிறது. உடனே கவியரசனின் புரோகிராம், இருப்பது இரண்டுதான் என்று கணக்குப் பண்ணி, மேப்பைத் தூக்கி அவள் தட்டிக்கொண்டிருக்கும் வரிசையின் மேல் போர்வை போல் போட்டு மூடுகிறது. கரண்ட் வந்ததும் திரும்பிப் போவதுமில்லை. ஒவ்வொரு தடவையும் அவளே இழுத்து இழுத்து இடது பக்கம் கொண்டுபோக வேண்டும். கையே வைக்க வேணாம் என்றவன் படியிறங்கும்போது இப்போதெல்லாம் சத்தம் வராமல் இறங்குகிறான்.

நேற்றுக்கூடக் கரண்ட் போனது. அந்த நேரம் பார்த்து உமேஷிடமிருந்து போன். முறைப்படி வந்த ஏர்போர்ட் டிரிப்பில் போய்க்கொண்டிருந்தான்.

“அக்கா, ஹெண்ணூர்ல ஒரே ஜாம். கஸ்டமர் ஃப்ளைட்டு போயிடும்ன்றாரு. மேப்ப ஸ்வல்ப பாத்து, எந்தப் பக்கம் திரும்பணும்னு சொல்லுங்க சீக்கிரம்.”

இடது பக்கம் கருந்திரை. நடுவில் மேப்பும் வரிசையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பிக் கிடந்தன. டீ டம்ளர் ஓரத்தில் தள்ளாடியது. எதிரே அம்மன் சிவப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மேப்ப நீங்கல்லாம் சேந்து அம்மனுக்குக் குடுக்க வச்சீங்கல்ல?” என்றாள் தமயந்தி. “அவகிட்டயே கேளு.”

போனை வைத்தாள். உடனே எடுத்து அவனைத் திருப்பிக் கூப்பிட்டாள்.

“லெஃப்ட்ல ஒரு பேக்கரி தெரியுதா? தெரியுதா இல்லியா? அத ஒட்டின சந்துக்குள்ள திரும்பித் தொலை.”